மாதம் ஆயிரமா, பத்தாயிரமா? காப்புரிமை விண்ணப்பத்தில் கெடு நீட்டிப்புக் கட்டணம்

கேள்வி இதுதான். கோவையில் சின்னதாக ஒரு பம்ப்செட் பட்டறை வைத்திருப்பவர், தன் சொந்தப் பெயரில் இந்தியக் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார். ஆட்சேபங்களோடு முதல் ஆய்வறிக்கை வந்து ஐந்தரை மாதம் ஆகிவிட்டது. பதில் இன்னும் தயாராகவில்லை. "பணம் கட்டினால் கெடுவை நீட்டிக்கலாமாம். ஒருவர் மாதம் ஆயிரம் ரூபாய் என்கிறார், இன்னொருவர் பத்தாயிரம் என்கிறார். எது சரி? அமெரிக்காவிலும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது, அங்கேயும் இப்படித்தானா?" என்று கேட்கிறார்.

உங்களிடம் சொன்ன இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கெடு முடிவதற்கு முன்னால் கேட்டால் ஆயிரம், முடிந்த பிறகு கேட்டால் பத்தாயிரம். இரண்டுக்கும் ஒரே படிவம், படிவம் 4. ஆனால் விதி வேறு, விலை வேறு. உங்களுக்கு இன்னும் அரை மாதம் இருக்கிறது என்பதால் நீங்கள் ஆயிரம் ரூபாய் பக்கம்தான் நிற்கிறீர்கள். மீதியைப் படிக்கும் முன் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கெடு எந்தத் தேதி என்று பார்த்துவிடலாம். காப்புரிமை விதிகளில் 24பி என்ற விதியின்படி, முதல் ஆய்வறிக்கை வெளியிடப்பட்ட தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதில் போக வேண்டும். நீங்கள் மின்னஞ்சலைத் திறந்த தேதி கணக்கில் வராது. உங்கள் சார்பில் விண்ணப்பத்தைக் கவனிக்கும் ஏஜெண்ட் உங்களுக்கு அனுப்பிவைத்த தேதியும் வராது. அறிக்கையின் தலைப்பில் போட்டிருக்கும் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அறிக்கை விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். அது பழைய ஊழியருடைய முகவரியாக இருக்கும், அல்லது கடிதம் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும். அதனால் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு அவ்வப்போது நிலையைப் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்குக் காசு கிடையாது.

ஒரு உதாரணத் தேதி வைத்துக்கொள்வோம். ஆய்வறிக்கை 2025 மார்ச் 12 தேதியிட்டது என்றால் ஆறு மாதம் செப்டம்பர் 12-இல் முடிகிறது. அதே 24பி விதியின் 6-ஆம் உட்பிரிவு இன்னும் மூன்று மாதம் தருகிறது, அதாவது டிசம்பர் 12 வரை. நிபந்தனை ஒன்றுதான்: படிவம் 4-உம் கட்டணமும் செப்டம்பர் 12-க்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கட்டணம் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு மாதத்துக்கு 1,000 ரூபாய், மற்றவர்களுக்கு 4,000. மூன்று மாதமும் எடுத்தால் உங்களுக்கு 3,000, பெரிய கம்பெனிக்கு 12,000. இது ஆன்லைனில் தாக்கல் செய்தால். காகிதமாகச் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் கொடுத்தால் பத்து சதவீதம் கூடுதல்.

படிவம் 4 ஒரு பக்க சமாச்சாரம். விண்ணப்பதாரர் பெயர், விண்ணப்ப எண், எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள், எத்தனை மாதம், என்ன காரணம், அவ்வளவுதான். காரணம் எழுதும் இடத்தில் சிலர் ஒரு பக்கத்துக்குக் கதை எழுதுகிறார்கள். "ஆட்சேபங்களுக்கான தொழில்நுட்ப விவரங்களைத் திரட்டக் கூடுதல் அவகாசம் தேவைப்படுகிறது" என்ற அளவில் ஒரு வரி போதும். நான் பார்த்த வரையில் கெடுவுக்குள், சரியான கட்டணத்தோடு போன 24பி கோரிக்கையை யாரும் கிளறுவதில்லை. விதி எண்ணைத் தப்பாகப் போட்டால்தான் வம்பு. ஆன்லைனில் எந்த உட்பிரிவைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதை வைத்துத்தான் கட்டணம் வந்து நிற்கும். ஆயிரம் வர வேண்டிய இடத்தில் பத்தாயிரம் காட்டினால், பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். பணம் கட்டியதும் வரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அதில் உள்ள தேதிதான் நாளைக்கு உங்களுக்குச் சாட்சி. இன்னொன்று, ஆன்லைன் தாக்கலுக்கு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அது காலாவதி ஆகிவிட்டது என்பது கடைசி நாள் இரவு பதினோரு மணிக்குத்தான் பலருக்குத் தெரியவருகிறது.

மூன்று மாதமும் தேவையில்லை என்று நினைத்தால் ஒரு மாதம் கேட்கலாம். ஆனால் இந்த விதியின் கீழ் கேட்பதை எல்லாம் முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே கேட்டாக வேண்டும். ஒரு மாதம் வாங்கிக்கொண்டு, அது போதாமல் அக்டோபரில் இன்னொரு ஆயிரம் கட்டலாம் என்றால் இந்தக் கதவு அப்போது மூடியிருக்கும். உங்கள் நிலையில் ஆயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிதல்ல. மூன்று மாதமும் கேட்டுவிட்டு, முடிந்தால் நீட்டித்த காலத்தின் ஐந்தாவது வாரத்திலேயே பதிலைப் போடுங்கள்.

இனி அந்தப் பத்தாயிரம். இது விதி 138. 2024 மார்ச் 15 அன்று வந்த திருத்த விதிகளுக்கு முன்னால் இந்த விதி நோஞ்சானாக இருந்தது. ஒரே ஒரு மாதம்தான் தரும், அதிலும் முக்கியமான கெடுக்களை எல்லாம் பெயர் சொல்லி விலக்கி வைத்திருந்தது. முதல் ஆய்வறிக்கைக்குப் பதில் போடும் கெடு அந்த விலக்குப் பட்டியலில் இருந்தது. அதனால் அப்போது கெடுவைத் தவறவிட்டால் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும், கதை அங்கேயே முடிந்தது. மிச்சமிருந்த வழி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மட்டும்தான்.

2024 திருத்தம் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. விதிகளில் குறிப்பிட்ட எந்தக் கெடுவையும் கண்ட்ரோலர் (காப்புரிமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரி) ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம், கோரிக்கை அந்த ஆறு மாதம் முடிவதற்குள் வந்தால் போதும், அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஆனது. ஆக, கெடு தாண்டிய பிறகும் போய்க் கேட்க முடிகிறது. இதற்குத்தான் விலை மாதத்துக்கு 10,000 ரூபாய், பெரிய நிறுவனங்களுக்கு 50,000. மேலே சொன்ன உதாரணத்தில் செப்டம்பர் 12-க்குள் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டு அக்டோபர் 20-இல் விழித்தால், இரண்டு மாதத்துக்கு 20,000 கட்ட வேண்டும். ஆறு மாதமும் போனால் தனிநபருக்கு 60,000, பெரிய கம்பெனிக்கு மூன்று லட்சம்.

இதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முப்பது பக்கத்துக்கு மிகாத, பத்து உரிமைக்கோரல்களுக்கு (கண்டுபிடிப்பில் எதெல்லாம் உங்களுக்கு உரியது என்று எண் போட்டு எழுதும் வரிகள்) மிகாத விண்ணப்பத்துக்கு நீங்கள் கட்டிய அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். விண்ணப்பத்தை ஆய்வு செய்யச் சொல்லிக் கொடுத்த ஆய்வுக் கோரிக்கைக்கு 4,000. ஆக இதுவரை நீங்கள் அரசுக்குக் கொடுத்தது மொத்தமே 5,600. ஒரே ஒரு மாதத் தாமதத்துக்கு அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தனிநபர்களுக்கு இது அதிகம் என்பதுதான் என் கருத்து. ஆனாலும் முன்பு சுவர் இருந்த இடத்தில் இப்போது ஒரு கதவு இருக்கிறது. நீதிமன்றப் படி ஏறினால் வக்கீல் கட்டணம் இதைவிடப் பல மடங்கு ஆகும், முடிவும் நம் கையில் இல்லை.

நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன், இரண்டுமே டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்தவை. 2011-இல் நிப்பான் ஸ்டீல் வழக்கு. ஆய்வுக் கோரிக்கை கொடுக்கும் கெடு தவறிப்போனது. விண்ணப்பத்தில் முன்னுரிமைத் தேதியையே (வெளிநாட்டில் முதலில் விண்ணப்பித்த தேதி, கெடு அதிலிருந்துதான் ஓடும்) மாற்றி அந்தக் கெடுவைத் தள்ளிப்போடப் பார்த்தார்கள். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை, இந்தக் கெடுக்கள் கட்டாயமானவை என்று சொல்லிவிட்டது. 2022 மே 31-இல் ஐரோப்பிய ஒன்றியம் தொடுத்த வழக்கில் வேறு மாதிரி. ஆய்வறிக்கைகளுக்கு ஏஜெண்ட் தரப்பில் பதில் போகாமல் விண்ணப்பங்கள் கைவிடப்பட்டதாக ஆகிவிட்டன. விண்ணப்பதாரருக்குக் கைவிடும் எண்ணமே இல்லை, அவர் அக்கறையோடு இருந்தார், தவறு ஏஜெண்டுடையது என்று தெளிவாகக் காட்டியதால் நீதிமன்றம் விண்ணப்பங்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. இரண்டாவது தீர்ப்பை நம்பிக்கொண்டு யாரும் மெத்தனமாக இருந்துவிட வேண்டாம். ஏஜெண்டுக்கு நீங்கள் எழுதிய மின்னஞ்சல்கள், கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் காட்டினால்தான் அந்த வாதம் நிற்கும்.

138-இல் 'நீட்டிக்கலாம்' என்றுதான் இருக்கிறது, நீட்டித்தே ஆக வேண்டும் என்று இல்லை. அதனால் அங்கே காரணத்தைக் கொஞ்சம் அக்கறையாக எழுதுங்கள். இன்னொரு ஆசையும் சிலருக்கு வரும்: 24பி-யில் மூன்று மாதம், அதற்கு மேல் 138-இல் ஆறு மாதம் என்று அடுக்கிக்கொண்டே போகலாமே என்று. அப்படித் திட்டம் போட்டு வேலை செய்யாதீர்கள். 138 என்பது கால் வழுக்கியவனுக்கு வைத்த கைப்பிடி. ஆய்வறிக்கையில் ஏழெட்டு ஆட்சேபங்கள் இருக்கும். அவற்றில் பாதி, வரைபடத்தில் எண் விடுபட்டது, சுருக்கம் நீண்டுவிட்டது என்ற மாதிரிச் சில்லறை விஷயங்கள். புதுமை இல்லை, கண்டுபிடிப்புத் திறன் இல்லை என்ற இரண்டு ஆட்சேபங்கள்தான் உண்மையில் மூளையைக் கேட்பவை. அவற்றுக்கும் ஒன்பது மாதம் தாராளம்.

அவகாசம் வாங்குவதில் யாரும் பேசாத ஒரு செலவு இருக்கிறது. காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்து 20 ஆண்டு. எத்தனை மாதம் நீட்டித்தாலும் முடிவுத் தேதி நகராது. அதாவது மூன்று மாதம் தள்ளிப்போட்டால் உங்கள் கையில் காப்புரிமை இருக்கும் காலத்தில் மூன்று மாதத்தை நீங்களே கத்தரித்துக்கொள்கிறீர்கள். போட்டியாளர் ஏற்கெனவே உங்கள் பம்பைப் பார்த்து வார்த்துக்கொண்டிருந்தால் இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் காப்புரிமை வழங்கப்பட்ட பிறகுதான் வழக்கே போட முடியும்.

சலுகைக் கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் சொந்தப் பெயரில் விண்ணப்பித்திருப்பதால் தனிநபர் கட்டணம் தானாகவே கிடைக்கும். பட்டறையின் பெயரில் போட்டிருந்தால் படிவம் 28-ஐ உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவுச் சான்றோடு கொடுத்துச் சிறு நிறுவனம் என்று காட்ட வேண்டும். 2020 நவம்பரில் சிறு நிறுவனங்களின் கட்டணத்தைத் தனிநபர் அளவுக்கே இறக்கினார்கள். அடுத்த ஆண்டு கல்வி நிறுவனங்களையும் சேர்த்தார்கள். நடுவில் விண்ணப்பத்தை ஒரு பெரிய கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தால், இதுவரை குறைத்துக் கட்டிய தொகைக்கும் முழுக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வாங்குபவர் கட்ட வேண்டும். விலை பேசும்போது இதை மறந்துவிடாதீர்கள். ஏஜெண்டின் கட்டணம் இவை எதிலும் சேராது, அது தனி. ஆயிரம் ரூபாய் படிவத்துக்கு ஏஜெண்ட் ஐயாயிரம் பில் போட்டால் அதில் அரசுக்கு எவ்வளவு என்று கேட்டு வாங்கிக்கொள்ள உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

அடுத்தது, எவ்வளவு பணம் கொடுத்தாலும் நீளாத கெடுக்கள். 138 நீட்டிப்பது விதிகளில் உள்ள கெடுக்களைத்தான். சட்டத்திலேயே எழுதியிருக்கும் கெடுவை அதைக் கொண்டு தொட முடியாது. முக்கியமானது, தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பைப் பற்றிய முதல் கட்ட விளக்கம்) விண்ணப்பம் போட்டவர்கள் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும் என்ற 9-ஆவது பிரிவு. ஒரு நாள் தவறினாலும் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும், படிவம் 4 உதவாது. வெளிநாட்டு விண்ணப்பத்தின் அடிப்படையில் இங்கே முன்னுரிமை கோருவதற்கான 12 மாதமும் அப்படித்தான். காப்புரிமை வழங்கிய பிறகு எதிர்ப்புத் தெரிவிக்கும் ஓராண்டுக் கெடுவும் சட்டத்தில் இருப்பதுதான்.

தற்காலிக விவரக்குறிப்பு விஷயத்தில் மட்டும் ஒரு சந்து உண்டு. 17-ஆவது பிரிவின்படி விண்ணப்பத் தேதியையே ஆறு மாதம் வரை பின்னால் தள்ளிவைக்கும்படி கேட்கலாம். தேதி நகர்ந்தால் 12 மாதமும் அதோடு நகரும். கேட்பதற்கு நல்ல வழியாகத்தான் தோன்றும். ஆனால் தள்ளிய தேதிக்கு முன்னால் யாராவது அதே பொருளை வெளியிட்டிருந்தால், அல்லது நீங்களே ஆர்வக் கோளாறில் கொடிசியா கண்காட்சியில் பம்பைக் கழற்றிக் காட்டியிருந்தால், அது உங்களுக்கு எதிரான ஆதாரமாக வந்து நிற்கும். கட்டணத்தைவிட இந்த ஆபத்துதான் பெரிது. அந்த இடைப்பட்ட மாதங்களில் எதையும் வெளியே விடவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.

ஆய்வுக் கோரிக்கைக்கான கெடு 2024 திருத்தத்தில் 48 மாதத்திலிருந்து 31 மாதமாகச் சுருங்கியது. 2024 மார்ச் 15-க்கு முன் போட்ட விண்ணப்பங்களுக்குப் பழைய 48 மாதம்தான். பழைய கணக்கிலேயே பழகிய அலுவலகங்கள் புது விண்ணப்பங்களிலும் 48 என்று டைரியில் குறித்துவைக்கும் ஆபத்து இருப்பதால் இதைச் சொல்கிறேன். ஆய்வறிக்கைக்குப் பிறகு நேர்முக விசாரணை வைத்தால், அதை ஒத்திவைக்கவும் கேட்கலாம். தக்க காரணத்தோடு, குறைந்தது மூன்று நாள் முன்னதாக. இரண்டு முறைக்கு மேல் கிடையாது, ஒவ்வொன்றும் 30 நாளுக்கு மிகாது. விசாரணை முடிந்து எழுத்துப்பூர்வ வாதம் கொடுக்க 15 நாள்தான். இந்தப் பதினைந்து நாள் கெடு மிகச் சுலபமாகக் கைநழுவும். நழுவினால் 138-தான், பத்தாயிரம்தான்.

வெள்ளம், புயல், கலவரம், ஊர் முழுக்க இணையம் துண்டிக்கப்படுவது போன்றவற்றுக்குத் தனி விதி இருக்கிறது, விதி 6. நிலைமை சீரான ஒரு மாதத்துக்குள் வேலையை முடித்து, ஆதாரத்தோடு மனுக் கொடுத்தால் தாமதத்தை மன்னிக்கக் கண்ட்ரோலருக்கு அதிகாரம் உண்டு. உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் போனது இதில் சேராது.

காப்புரிமை கிடைத்த பிறகும் கெடு உண்டு, அது ஆண்டுக் கட்டணம். மூன்றாவது ஆண்டிலிருந்து தொடங்கும். தனிநபருக்கு ஆறாவது ஆண்டு வரை ஆண்டுக்கு 800 ரூபாய், ஏழிலிருந்து பத்து வரை 2,400, பதினைந்து வரை 4,800, இருபது வரை 8,000. பெரிய நிறுவனங்களுக்கு ஐந்து மடங்கு. தவறினால் ஆறு மாதம் வரை அவகாசம், மாதத்துக்கு 480 ரூபாய், பெரிய நிறுவனங்களுக்கு 2,400. ஏழாவது ஆண்டுக் கட்டணத்தை மூன்று மாதம் தாமதமாகக் கட்டினால் உங்களுக்கு 2,400-உம் 1,440-உம் சேர்ந்து 3,840. அந்த ஆறு மாதமும் போனால் காப்புரிமை செத்துவிடும். 18 மாதத்துக்குள் மீட்பு மனுப் போட்டு உயிர்ப்பிக்கப் பார்க்கலாம், ஆனால் தவறியது வேண்டுமென்று அல்ல என்று நிரூபிக்க வேண்டும். நான்கு ஆண்டுக்காவது சேர்த்து முன்கூட்டியே ஆன்லைனில் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்பது 2024-இல் வந்த சலுகை. மறதிக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

அப்புறம் அமெரிக்கா. அங்கே கணக்கு வேறு. ஆய்வாளரின் கடிதத்துக்குப் பதில் போட வழக்கமாக மூன்று மாதம் தருவார்கள். சட்டப்படி உச்சவரம்பு ஆறு மாதம். இடையில் உள்ள மூன்று மாதத்தை மாதம் மாதமாக விலைக்கு வாங்கலாம். முன்கூட்டிக் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் பெரிய வித்தியாசம். பதிலைப் போடும் அன்றைக்கே, எத்தனை மாதம் தாண்டியதோ அதற்கான கட்டணத்தையும் சேர்த்துக் கட்டினால் முடிந்தது. காரணமும் கேட்பதில்லை. 2025 ஜனவரி 19 முதல் ஒரு மாதத்துக்கு 235 டாலர், இரண்டு மாதத்துக்கு 690, மூன்று மாதத்துக்கு 1,590. இவை மொத்தத் தொகைகள், ஒன்றோடொன்று கூட்டக்கூடாது. சிறு நிறுவனத்துக்கு அறுபது சதவீதம் தள்ளுபடி உண்டு என்பதால் அந்த 1,590 உங்களுக்கு 636 டாலராகும். தாமதம் கூடக் கூட ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தைவிட விலை ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் மாதத்துக்கு ஒரே விலை.

ஆனால் ஆறாவது மாதம் முடிந்த அடுத்த நாள் அங்கே எந்தத் தொகைக்கும் நீட்டிப்பு இல்லை. விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும், அதன் பிறகு மீட்பு மனுதான், அது வேறு கட்டணம், வேறு தலைவலி. இன்னொரு விஷயமும் உண்டு. அமெரிக்க அலுவலகம் தன் பக்கத்துத் தாமதத்துக்கு ஈடாகக் காப்புரிமையின் ஆயுளில் சில நாட்களைக் கூட்டித் தருகிறது. நீங்கள் மூன்று மாதத்தைத் தாண்டிப் பதில் போட்டால், தாண்டிய ஒவ்வொரு நாளையும் அந்தக் கூடுதலிலிருந்து கழித்துவிடுவார்கள், நீட்டிப்புக்குக் காசு கட்டியிருந்தாலும் கூட.